ஒன்பதாம் மாடிக்கு ஒரு நாற்காலி

ஊரிலேயே அதிகமாகப் படி ஏறுகிறவன் யார் என்று கேட்டால், லிஃப்ட் மெக்கானிக் என்றுதான் சொல்வேன். ஓடுகிற லிஃப்டுக்கு என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்? நின்றுபோன பிறகுதான் கூப்பிடுவார்கள். மெஷின் ரூம் மொட்டை மாடியில் இருக்கும். பன்னிரண்டு கிலோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அங்கே போய்ச் சேர்வதற்குள் குடியிருக்கிறவர்கள் மாடிக்கு மாடி நின்று திட்டுவார்கள். இருபத்தாறு வருடமாக என் பிழைப்பு இப்படித்தான் ஓடுகிறது.

நான் சொல்லப்போகிற கட்டடத்தில் தரைத்தளத்துக்கு மேல் ஒன்பது மாடி, ஒரே லிஃப்ட். அதன் கியர்ச் சக்கரத்தில் நான்கு பல் உடைந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பழைய மாடல் என்பதால் புதுச் சக்கரம் கப்பலில் வர வேண்டும். 'வந்துகொண்டே இருக்கிறது' என்று கம்பெனி சொன்னதை நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். நான் என்ன, பல் கட்டுகிற டாக்டரா? ஆனால் குடியிருப்போர் சங்கத்துச் செக்ரட்டரி அம்மாவுக்கு அதெல்லாம் காதில் ஏறாது. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயந்தரம் ஒன்று என்று மாத்திரைக் கணக்கில் போன் போட்டு என்னைத் திட்டுவார்.

ஒரு நாள் திட்டாமல் பேசினார். 

"ஒன்பதாவது மாடி அம்மா படியில விழுந்துட்டாங்கப்பா. காய்கறிப் பையோட ஏறிட்டிருந்திருக்காங்க. இடுப்பெலும்பு முறிஞ்சிருச்சு."

என்மேல் என்ன தப்பு என்று மனதுக்குள் நூறு தடவை கேட்டுக்கொண்டேன். தப்பில்லை என்று ஒரு தடவைகூட மனது சொல்லவில்லை.

அந்த அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. வீட்டுக்காரருக்கு எண்பது. அச்சகத்தில் முப்பது வருடம் மெஷின் ஓட்டி அந்தச் சத்தத்தில் காதைத் தொலைத்தவர். பிறகு சர்க்கரை நோய் கண்ணைத் தின்றுவிட்டது. போதாக்குறைக்கு ஒரு பக்கம் வாதம். பிள்ளைகள் இல்லை. அந்த அம்மாதான் அவருக்குக் கண், காது, கால் எல்லாம். இப்போது அவர் மேலே, அந்த அம்மா ஆஸ்பத்திரியில்.

அந்த வட்டாரத்தில் தனியாக இருக்கிற வயதானவர்களுக்காக நான்கு சங்கங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற நர்ஸுகள் சங்கம், நூலக வாசகர் வட்டம், சுமை தூக்குவோர் சங்கம், இந்தக் கட்டடத்துக் குடியிருப்போர் சங்கம். எனக்குச் சங்கம் என்றாலே ஆகாது. நான்கு சங்கம் கூடினால் ஐந்து கருத்து, ஆறு டீ, ஏழு போட்டோ, முடிவு மட்டும் அடுத்த கூட்டத்தில். 'விளக்கம் சொல்ல வரவும்' என்று எனக்கு ஆள் அனுப்பியபோது சண்டை போடுகிற தயாரிப்போடுதான் போனேன்.

நூலகத்தின் பின்னறையில் கிழிந்த புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெரிய சிஸ்டர். எழுபது வயது. வேலையில் இருந்த காலத்தில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே வார்டு அடங்கிவிடுமாம். பக்கத்தில் சுமை தூக்குவோர் சங்கத்துத் தலைவர். எல்லோரும் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். லிஃப்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பதினோரு நாளா அந்தம்மா ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க," என்றார் பெரிய சிஸ்டர். "வீட்டுக்காரரைக் கேக்காம போட மாட்டாங்களாம். இனியும் தள்ளிப்போட்டா படுத்த படுக்கைதான்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"போன்ல கேக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"அவருக்குக் காது கேக்காது, கண்ணும் தெரியாது. அந்தம்மா அவர் உள்ளங்கையில விரலால எழுதித்தான் பேசுவாங்க. போன்ல எப்படிப்பா எழுதுவ?"

அந்தப் பதினோரு நாளும் காலையில் நர்ஸுகள், மத்தியானம் பக்கத்து வீடு, ராத்திரி வாசகர் வட்டம் என்று முறை வைத்து அவரோடு இருந்திருக்கிறார்கள். சோறு, தண்ணீர், மாத்திரை என்று அவர்களும் அவர் கையில் எழுதப் பழகியிருந்தார்கள். ஆனால் இந்தக் கேள்வியை வேறு யாரும் எழுதக் கூடாது என்பதில் பெரிய சிஸ்டர் உறுதியாக இருந்தார். "இது அவங்க ரெண்டு பேர் விஷயம். அவரைக் கொண்டுபோறோம்," என்றார்.

"எடை என்ன?" என்றார் மேஸ்திரி.

"தொண்ணூத்திரெண்டு கிலோ."

"பீரோவை விடக் கம்மிதான்."

படி அகலம், திருப்பம் எல்லாம் அளந்து கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. கைப்பிடி வைத்த ஒரு நாற்காலியின் இரண்டு பக்கமும் கழி கட்டினார்கள். மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக மேலே கொண்டுபோய், தொண்ணூற்றிரண்டு கிலோ ஆகும்வரை நாற்காலியில் வைத்துக் கட்டி, மூன்று தடவை கீழே இறக்கிப் பார்த்தார்கள். ஒத்திகை என்றால் அப்படி ஒரு ஒத்திகை. யாரும் ஒரு குறை சொல்ல முடியாது என்று நானே நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் ஒரு மணிக்கு நிஜமாகவே இறக்கினார்கள். மேஸ்திரியோடு பத்துப் பேர். அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு என்பதை அன்றுதான் பார்த்தேன். சுமையை நடுவில் கீழே வைக்க மாட்டார்கள், ஆள்தான் மாறும். மாற்றும்போது கொடுக்கிறவன் "வந்துச்சா?" என்பான். எடை தன் கைக்கு முழுசாக வந்த பிறகுதான் வாங்குகிறவன் "வந்துச்சு" என்பான். அந்தச் சொல் காதில் விழும்வரை கொடுத்தவன் விரல்கூடத் தளராது. ஒன்பது மாடி, பதினெட்டுத் திருப்பம், ஒரு இடத்திலும் நாற்காலி சுவரில் உரசவில்லை. பெரியவர் நல்ல சட்டை போட்டு, தலை வாரிக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் பையைக்கூடக் கீழே வைக்க மறந்து பார்த்துக்கொண்டே பின்னால் இறங்கினேன். இருபத்தாறு வருடத்தில் நான் இறக்கிய எந்த லிஃப்டும் இவ்வளவு மெதுவாக, இவ்வளவு நேர்த்தியாக இறங்கியதில்லை.

ஆஸ்பத்திரியில் அந்த அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். குச்சி மாதிரி உடம்பு. நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டதும், அந்த அம்மா அவர் கையை இழுத்து விரல்களைப் பிரித்து எழுத ஆரம்பித்தார். நிறைய எழுதினார். பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு வாயைத் திறந்தார். தன் குரல் தனக்கே கேட்காததால் வார்டு முழுவதற்கும் கேட்டது.

"பண்ணிக்கோடி! இத்தன நாளா இதுக்கா படுத்திருக்க?"

அந்த அம்மா மறுபடி எழுதினார்.

"உனக்கு ஒண்ணும் ஆகாது! அப்படியே ஆனாலும் நான் என்ன நடுத்தெருவுலயா நிப்பேன்? பத்துப் பேரு தூக்கிட்டு வந்தாங்க, பூ மாதிரி வந்தேன்!"

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். பெரிய சிஸ்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். வார்டு நர்ஸ் கையெழுத்துப் போட வேண்டிய ஃபாரத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்தாள். அந்த அம்மா பேனாவைத் தொடவில்லை. எங்கள் பக்கம் திரும்பினார்.

"இறக்கிட்டீங்க, ரொம்ப சந்தோஷம். எப்படி ஏத்தப் போறீங்க?"



ஐயோ, அந்த நிமிஷம்! மேஸ்திரி சிஸ்டரைப் பார்த்தார், சிஸ்டர் செக்ரட்டரி அம்மாவைப் பார்த்தார், செக்ரட்டரி அம்மா பழக்க தோஷத்தில் என்னைப் பார்த்தார். சுமை தூக்குகிறவர்களுக்கு இறக்கியதோடு வேலை முடிந்தது. இறக்கின சரக்கைத் திரும்ப ஏற்றச் சொல்லி அவர்களை இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. மூன்று ஒத்திகையும் மேலிருந்து கீழேதான். அளந்து கொடுத்த எனக்கும் உறைக்கவில்லை. மேஸ்திரியின் ஆட்களில் எட்டுப் பேர் மூன்று மணி லாரிக்குச் சரக்கு இறக்க அப்போதே போய்விட்டார்கள். அரைக் கிணறு தாண்டிவிட்டு நின்றுகொண்டிருந்தோம்.

"இன்னிக்கு ராத்திரி கீழ் வீட்ல தங்க வச்சுக்கறோம்மா," என்றார் செக்ரட்டரி அம்மா.

"அவருக்கு அந்த வீடு மட்டும்தாம்மா தெரியும். சுவரைத் தடவியே பாத்ரூம் போயிட்டு வந்துருவாரு. வேற எடத்துல ஒரு அடி வைக்க மாட்டாரு, கூசிக் குறுகிருவாரு." அந்த அம்மா குரலை உயர்த்தவே இல்லை. "நான் போயிட்டா அவரைப் பாத்துக்குவோம்னு சொல்றீங்க. நம்பணும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா இன்னிக்கு ஒரு நாளைக்கே யோசிக்கலையேம்மா நீங்க."

பெரிய சிஸ்டர் தலையைக் குனிந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

"மொதல்ல அவரை வீட்டுல கொண்டுபோய் உக்கார வைங்க. போனைப் போட்டு வச்சுக்குங்க, நான் இங்கருந்து கேக்கறேன். அவரு மேல போய்ச் சேந்துட்டாருன்னு தெரிஞ்சாதான் கையெழுத்து. இல்லேன்னா என்னை விட்டுருங்க."

ஆறு மணிக்குள் ஃபாரம் போகாவிட்டால் நாளைக் காலை ஆபரேஷன் பட்டியலில் பெயர் வராது என்றாள் வார்டு நர்ஸ். அப்போது மணி மூன்றேகால்.

வேனில் திரும்பும்போது மேஸ்திரி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "இறங்குறது வேற, ஏறுறது வேற. ஏறும்போது எடை முழுக்கக் கீழ நிக்கிறவன் நெஞ்சுல வந்து உக்காரும். நாலு பேரு ஒரு மாடி ஏறினா மூச்சு வாங்கிரும். ஒன்பது மாடிக்கு முப்பத்தாறு பேரு வேணும். நாம எத்தன பேரு?"

மேஸ்திரி, அவர் ஆட்கள் இரண்டு பேர், நான். நான்கு.

"முப்பத்தாறு பேருக்கு எங்க போறது?" என்றேன். "அந்தக் கட்டடத்துல பக்கத்து வீட்டுக்காரன் பேரே தெரியாது ஒருத்தருக்கும். கதவைத் தட்டினா ஓட்டை வழியாப் பாத்துட்டு உள்ள போயிருவாங்க. இருபது கட்டடம் பாத்தவன் சொல்றேன்."

செக்ரட்டரி அம்மா போனை எடுத்து ஒவ்வொரு வீடாகக் கூப்பிட ஆரம்பித்தார். "மூணு 'ஏ' வீடா? நான்தான். வீட்ல ஆம்பளைங்க இருக்காங்களா? பொம்பளைங்க இருந்தாலும் சரி, கையில தெம்பு இருந்தா வாசலுக்கு வாங்க." இரண்டு மாதமாக என்னைத் திட்டிய அதே வாய்தான். பெரிய சிஸ்டர் தன் சங்கத்தைக் கூப்பிட்டார். நூலகத்துக்கும் தகவல் போயிற்று. வழியெல்லாம் போன். யாரும் வர மாட்டார்கள் என்ற முடிவோடு நான் உட்கார்ந்திருந்தேன்.

நான்கரைக்கு நாற்காலியைத் தூக்கினோம். என் போன் சட்டைப் பையில், ஸ்பீக்கரில். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை, மூச்சு மட்டும் கேட்டது. நான் கீழ்ப்பக்கம் பிடித்தேன். மேஸ்திரி சொன்னது பொய்யில்லை. மூன்றாவது படியிலேயே ஒரு ஆள் என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. முதல் திருப்பத்தில் கண் இருட்டியது. முதல் மாடி வருவதற்குள், விழுந்து தொலைத்துவிடுவேனோ என்று பயந்தே போனேன்.

"வந்துச்சா?" என்று என் தலைக்குப் பக்கத்தில் மேஸ்திரி கத்தினார்.

"வந்துச்சு!"

யாரோ நான்கு பேர். பனியனோடு ஒருவர், ஆபீஸ் உடையில் ஒருவர், ஒரு கணவன் மனைவி. அவர்களுக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு மாதமாக என்னைத் திட்டிய முகங்கள்தான். இப்போது என்னைப் பார்க்கக்கூட அவர்களுக்கு நேரமில்லை.

இரண்டாவது மாடியில் சிக்கல். அங்கே பாதி வீடு பூட்டியிருந்தது, இரண்டே பேர்தான் நின்றார்கள். நானும் மேஸ்திரியும் ஓடி ஏறுவதற்குள் ஆறு பெண்கள் எங்களை இடித்துக்கொண்டு முன்னால் போனார்கள். நர்ஸுகள் சங்கம். ஆறு பேருக்கும் நரைத்த தலை. பெரிய சிஸ்டர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கீழ்ப்பக்கக் கழிக்கு வந்தார்.

"சிஸ்டர், வேணாம், உங்களால முடியாது," என்றார் மேஸ்திரி.

"நாப்பது வருஷம் ஆளுங்களைக் கட்டிலுக்குக் கட்டில் மாத்தினது யாரு, நீயா? தள்ளிப்போ."

பனியன்காரர் கையை விடவில்லை. அவருக்கும் அந்த வழக்கம் அதற்குள் தொற்றியிருந்தது. "வந்துச்சாம்மா?" என்றார், பயந்துகொண்டே.

பெரிய சிஸ்டரின் கழுத்து நரம்பு புடைத்தது. "வந்துச்சு!" என்றார். வார்டையே அடக்கிய குரல் படிக்கட்டு முழுக்க ஏறி இறங்கியது. ஒன்று, இரண்டு என்று படியை எண்ணிக்கொண்டே ஆறு பேரும் ஏறினார்கள். எண்ணிக்கை ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. நான் அவர்களுக்குப் பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, விழுந்தால் தாங்குவதற்குத் தயாராக ஏறினேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அதற்கு மேல் நான் எதையும் எண்ணவில்லை. மூன்றாவது மாடியில் புத்தகத்தைவிடக் கனமானது எதையும் தூக்கியிராத வாசகர் வட்டம், கண்ணாடி மூக்கு நுனிக்கு வர. நான்காவது மாடியில் என்னைப் போலீஸில் பிடித்துக் கொடுப்பேன் என்று ஒரு தடவை சொன்ன மனுஷன். ஐந்தில் காலேஜ் பெண்கள் நான்கு பேர். ஆறாவது மாடி ஏறிக்கொண்டிருந்தபோது அதில் ஒரு பெண்ணுக்குச் செருப்பு வழுக்கி நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. எட்டுக் கை எங்கிருந்தோ நீண்டு பிடித்தது. எல்லோருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. பெரியவர் மட்டும் உரக்கச் சொன்னார்: "பயப்படாதீங்க! நான் கெட்டியாப் பிடிச்சிட்டிருக்கேன்!"

தூக்கியவர்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. தங்கள் மாடி முடிந்ததும் பின்னாலேயே ஏறி வந்தார்கள். ஏழாவது மாடிக்கு வந்தபோது திரும்பிப் பார்த்தேன். கீழே திருப்பத்துக்குத் திருப்பம் தலைகள். கைப்பிடிக் கம்பியில் எத்தனை கைகள் என்று தெரியவில்லை. பெரியவர் தன் நல்ல கையால் கழியைப் பிடித்திருப்பவர்களின் கைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு மாடியிலும் வேறு கை, வேறு வளையல், வேறு மோதிரம். அவர் முகத்தில் இருந்ததை நான் அதற்கு முன் எந்த மனிதர் முகத்திலும் பார்த்ததில்லை. லிஃப்ட் ஓடியிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது என்று தோன்றியது. உடனே அப்படித் தோன்றியதற்காக வெட்கப்பட்டேன். அந்த லிஃப்ட் ஓடியிருந்தால் அந்த அம்மா விழுந்தே இருக்க மாட்டார். இரண்டும் உண்மைதான், நான் என்ன செய்ய?

கடைசி மாடிக்கு நான் மறுபடி பிடித்தேன். கேட்டுப் பிடித்தேன். ஐந்தரைக்கு ஒன்பதாவது மாடி வீட்டுக்குள் போய், ஜன்னலோரம் அவர் வழக்கமாக உட்காருகிற இடத்தில் உட்கார வைத்தோம். அவர் சுவரைத் தொட்டுப் பார்த்தார். தோள் தளர்ந்தது.

போனை எடுத்தேன். மூச்சு வாங்கியது. "அம்மா, உக்காந்துட்டாரும்மா. சுவரைத் தொட்டுட்டாரு."

"சரிப்பா," என்றார். போனை வைத்துவிட்டார்.

அவ்வளவுதான்! எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குள்ளும் வெளியிலும் அறுபது பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். போடுகிறாரா, போடவில்லையா, ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? மணியைப் பார்த்துப் பார்த்து, ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பொறுக்க முடியாமல் வார்டு நர்ஸுக்குப் போன் போட்டேன்.

"சிஸ்டர், அந்தம்மா கையெழுத்துப் போட்டாங்களா?"

"அதெல்லாம் அப்பவே போட்டாச்சு அண்ணா. ஃபாரத்தைக்கூடக் கொண்டுபோய்க் குடுத்துட்டேன்."

"எப்ப?"

"நீங்கள்லாம் மூணாவது மாடி ஏறிட்டிருந்தீங்க. ஒரு வயசான அம்மா குரல் கேட்டுச்சே, படி எண்ணிக்கிட்டு? அப்பவே பேனாவைக் குடுன்னு வாங்கிப் போட்டுட்டாங்க."

"அப்ப எங்ககிட்ட சொல்லியிருக்கலாமேம்மா! இவ்ளோ நேரம் உயிரைக் கையில பிடிச்சிட்டு நிக்கிறோம்!"

"சொல்லட்டுமான்னு கேட்டேன் அண்ணா. 'சும்மா இரு, மீதி ஆறு மாடியையும் நான் கேக்கணும்'னு சொல்லிட்டாங்க."